பெரட்டுக் களமும் பேச்சு மேடையும்

பாலோ எங்கே இருக்கிறது என்று கேட்டால் மலேசியாவிலேயே பாதிப் பேர் கொஞ்சம் யோசிப்பார்கள். ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டம். வடக்கிலிருந்து ரயிலில் வந்தால் லாபிஸ், பெக்கோக் தாண்டி, குளுவாங் வருவதற்கு முன்னால் கடந்துபோகும் சின்ன ஊர். 1909இல் ஜொகூருக்குக் குறுக்கே ரயில் பாதை போட்டு முடித்தார்கள். பாதையின் இரண்டு பக்கமும் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. ரப்பரோடு தமிழர்கள் வந்தார்கள். இப்போது அந்த ரப்பரும் போய், கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை.

இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஸ்டேஷனில் இறங்குவதில்லை. அச்சகமும் பத்திரிகையும் கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூரில் இருந்தன. வரலாறும் அங்கேயே சுற்றிவருகிறது. ஆனால் எனக்கிருக்கும் கேள்விக்கு பாலோ மாதிரி ஒரு ஊர்தான் சரி. புத்தகம் வராத, வந்தாலும் படிக்கத் தெரிந்தவர் நாலு பேர் மட்டுமே இருந்த ஒரு தோட்டத்துக்குள் தமிழ் எந்த வழியாக நுழைந்தது? காது வழியாக. ஒருவர் பேசினார், மற்றவர்கள் கேட்டார்கள். சாயங்காலம் ஒருவர் பேப்பரை உரக்கப் படித்தார், சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள். மலாயாத் தமிழ் எழுத்துக்கு முதல் வாசகர் என்று ஒருவர் இருந்தால், அவர் படித்தவரல்ல, கேட்டவர்.

மலேசியத் தமிழ்க் கதைகள்மேல் பழைய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. “மேடை வாடை அடிக்குது” என்பார்கள். பாத்திரம் வாயைத் திறந்தால் சொற்பொழிவு, கடைசிப் பத்தியில் அறிவுரை, நடுநடுவே எதுகை மோனை. குற்றச்சாட்டு பெரும்பாலும் சரிதான். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். எந்த மேடை என்று கேட்பதில்லை. இங்கே ஒரு மேடை இருக்கவில்லை, இரண்டு இருந்தன. ஒன்றைத் தூக்கில் போட்டார்கள். மிச்சமிருந்த மற்றொன்றிடம்தான் நம் எழுத்து பாடம் படித்தது. என்னுடைய வாதம் இவ்வளவுதான்.

மேடைக்கு முன்னால் இருந்ததைப் பார்த்துவிடலாம். தோட்டத்தில் பொழுது விடிவதற்குள் பெரட்டு. ‘பரேட்’ என்ற சொல் தேய்ந்து பெரட்டு ஆனது. இலங்கை மலையகத்தில் பிரட்டு என்பார்கள். இருட்டில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி பெயர் வாசிப்பார், மண்டோர் வேலை பிரிப்பார், கங்காணி அதட்டுவார். “ஏய்” என்றோ “டேய்” என்றோதான் கூப்பாடு. கூட்டமாக நின்று ஒருவர் பேசுவதைக் கேட்பது என்ற அனுபவம் தோட்டத்து மனிதருக்கு முதலில் கிடைத்தது இங்கேதான். அந்தப் பேச்சுக்குப் பதில் கிடையாது. பதில் சொன்னால் அன்றைக்குப் பேர் போடமாட்டார்கள்.

இதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த காட்சியை யோசியுங்கள். வெளியூரிலிருந்து ஒரு ஆள் வந்து, பெட்டியின்மேலோ திண்ணையின்மேலோ ஏறி நின்று, “தோழர்களே, தாய்மார்களே” என்கிறார். “நீங்கள்” என்கிறார். பேச்சின் விஷயம் என்ன என்பது அப்புறம். விளித்ததே பாதி விஷயம்.

மேடைப்பேச்சு தமிழில் ஆதிகாலத்திலிருந்து வருவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது புதுசு. கூத்து உண்டு, கதாகாலட்சேபம் உண்டு, புலவர்கள் அரங்கேற்றம் செய்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பொதுக்கூட்டத்தைப் பார்த்து ஒருவர் உரைநடையில் நேராகப் பேசுவது என்பது, பாதிரிமார்களின் பிரசங்கத்தைப் பார்த்துப் பழகியது. ஆறுமுக நாவலர் அதைக் கடன் வாங்கி 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். அது கோயிலுக்குள். தெருவுக்கும் ஆலைக்கும் வர இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1907இல் விபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் பேசியபோதுகூட ஆங்கிலத்தில்தான் பேசினார். 1908இல் தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் கோரல் ஆலைத் தொழிலாளர்களிடம் தமிழில் பேசியபோதுதான் விஷயம் மாறியது. அரசாங்கம் அவர்களைப் பிடித்துப் போட்ட வழக்கே பேச்சு வழக்கு. பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் தமிழ் மேடையைப் பற்றி ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். தமிழ்நாட்டின் நவீன அரசியலே இந்தப் பேச்சுமுறையிலிருந்து கிளைத்தது என்கிற அளவுக்குப் போகிறார். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அவர் பார்வை கடல் தாண்டி வரவில்லை.

கடல் தாண்டி அது 1929 டிசம்பரில் வந்தது. பெரியார் பினாங்கில் இறங்கி, ஈப்போவில் நடந்த தமிழர் சீர்திருத்த மாநாட்டில் கலந்துகொண்டு, சிங்கப்பூர்வரை போய்ப் பேசினார். அவர் பேச்சில் அலங்காரம் கிடையாது. கடைத்தெருவில் பேசுகிற தமிழ். அவரைத் தொடர்ந்து சங்கங்கள் முளைத்தன. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935இல் அதன் ஏடாகக் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’. திருவாரூர்க்காரரான சாரங்கபாணி அப்போது முப்பதைத் தொட்டிருந்தவர். அவரிடம் பின்னால் வருகிறேன்.

அதற்கு முன் கிள்ளான். ஜொகூரிலிருந்து வடக்கே, சிலாங்கூர் மாநிலம். வருஷம் 1941. கோலாலம்பூர் ‘தமிழ் நேச’னில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுக்குப் போய் ஆட்களிடம் பேசத் தொடங்கினார். பத்திரிகைக்காரர், அதாவது எழுத்துக்காரர். எழுதியதைப் படிக்க ஆளில்லாத இடத்துக்கு வாயோடு போனார். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தமிழனுக்கும் வேண்டும் என்பது முதல் கோரிக்கை. ஆனால் அந்தக் கோரிக்கைப் பட்டியலை முழுசாகப் பாருங்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் போக வேண்டும். பெண்களிடம் தவறாக நடக்கும் மேலாட்கள் போக வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் வேண்டும். பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வேண்டும்.

பேச்சுரிமை! மரம் வெட்டுகிறவர், பால் எடுக்கிறவர் கேட்ட கோரிக்கை அது. சைக்கிளும் பேச்சும் ஒரே பட்டியலில் இருப்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. இரண்டும் நிமிர்ந்து நிற்பதைப் பற்றியவை. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். உடனே வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. ராணுவம் வந்தது, அவசரநிலை அறிவித்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். நாதனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நல்ல பேச்சு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். அவர் எப்படி ஏற்ற இறக்கத்தோடு பேசினார் என்பதை விட, அவரைக் கேட்டவர்கள் அதன்பிறகு என்ன கேட்டார்கள் என்பதே அதற்கு அளவு. பன்னிரண்டு கோரிக்கைகள்.

1943 ஜூலையில் சிங்கப்பூருக்குச் சுபாஷ் சந்திர போஸ் வந்தார். ஹிந்துஸ்தானியில் பேசினார், பக்கத்தில் நின்றவர் தமிழில் சொல்லச் சொல்ல ஜனங்கள் கேட்டார்கள். புரியாத மொழியில் பேசிய ஒருவருக்குத் தோட்டத்துப் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்ததும், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்ததும் தனிக் கட்டுரைக்கான விஷயம். அ. ரெங்கசாமியின் ‘இமையத் தியாகம்’ நாவல் அந்தக் காலத்தைச் சொல்கிறது. ஜப்பான்காரன் போன பிறகு, பேசவும் கேட்கவும் பழகிவிட்ட இந்தக் கூட்டம் தொழிற்சங்கத்துக்கு வந்தது. 1945க்கும் 1948க்கும் நடுவில் மலாயாத் தோட்டங்களில் நடந்த அளவு கூட்டங்கள் அதற்கு முன்னும் பின்னும் நடக்கவில்லை.

பிறகு அவசரகாலம். 1948 ஜூன். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தைத் தடை செய்தார்கள். அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி, தஞ்சைப் பக்கத்துக்காரர், ஒரு துப்பாக்கி வைத்திருந்தார் என்று பிடிபட்டார். நேருவின் அரசாங்கம் கேட்டுப் பார்த்தும் கேட்காமல் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டே நாள்.

பாலோ இப்போது கதைக்குள் வருகிறது. மத்திய ஜொகூர் கடைசிவரை கெரில்லாக்கள் விடாத பகுதி. அங்கே இருந்த தலைவர் ஹோர் லுங் 1958இல்தான் சரணடைந்தார். பாலோவில் முள்கம்பிக்குள் ஒரு புதுக்கிராமம் அமைத்துச் சீனக் குடியேறிகளைக் குடிவைத்தார்கள். தோட்டத்து லயங்களையும் ஒரு இடமாகச் சேர்த்து வேலி போட்டார்கள். ஊரடங்கு, அரிசிக்கு அளவு, கேட்டில் சோதனை. இப்படிப்பட்ட இடத்தில் நாலு பேர் கூடி நின்று கூலியைப் பற்றிப் பேசுவது என்றால் என்ன அர்த்தம் என்று நினைத்துப் பாருங்கள். யாரும் பேசவில்லை. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது, பி.பி. நாராயணன் தலைமையில், அது மேசையில் உட்கார்ந்து பேரம் பேசிய சங்கம். மேடைக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

இந்த மௌனத்துக்கு நடுவில்தான், 1952 பொங்கலின்போது, சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கினார். சாதி, மதம் பார்க்காமல் தமிழர் எல்லாரும் ஒரே மேடையில். சிங்கப்பூரில் தொடங்கி மலாயா முழுக்கப் பரவியது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, நாடகம், விளையாட்டு. கூடவே ‘தமிழ் முரசு’க்குள் மாணவர் மணிமன்றம், அதைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக இளைஞர் மணிமன்றங்கள். பின்னால் மலேசிய, சிங்கப்பூர் இலக்கியத்தில் பேர் சொல்லும் எழுத்தாளர்களில் ஒரு பெரிய கூட்டம் இந்த மணிமன்ற வாசல் வழியாக வந்தவர்கள். ‘பொன்னி’ நடத்திய முருகு சுப்பிரமணியனும் தமிழ்நாட்டிலிருந்து வந்து முரசிலும் பிறகு ‘தமிழ் நேச’னிலும் இருந்தார். பாரதிதாசன் பரம்பரையின் காற்று நேரடியாகவே அடித்தது. அதே 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ வெளியானது. ரங்கூனிலிருந்து ஊர் திரும்புகிறவன் கதை. கடல் கடந்து வந்த கூட்டத்துக்கு அது யாரோ ஒருவர் கதையாக இருந்திருக்காது. நீதிமன்ற வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்தவர்களை லயத்துக்கு லயம் பார்த்திருக்கலாம்.

தமிழர் திருநாளைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. சாரங்கபாணி தமிழரைக் குடியுரிமை எடுக்கச் சொல்லி ஓயாமல் எழுதியவர், பேசியவர். அன்றைக்குச் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வந்தபோது, நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். படிக்கத் தெரியாதவர்களும் அந்த நிதிக்குக் காசு போட்டார்கள். எந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்காவது இப்படி ஒரு பூர்வீகம் உண்டா, சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1941இன் மேடை கூலி, சைக்கிள், கள்ளுக்கடை என்று பேசியது. 1952இன் மேடை தமிழ், இனம், பண்பாடு என்று பேசியது. பேசியவர்களிடம் தைரியம் குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கூலியைப் பேசினால் சாவு என்று இரண்டு நாளில் இரண்டு பிணம் காட்டி நிரூபித்திருந்தார்கள். மொழியைப் பேச அனுமதி இருந்தது. அடக்கி வைத்த வேகமெல்லாம் அந்த ஒரு துவாரம் வழியாகப் பாய்ந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தம். நம் கதைகள் மேடையிடம் கற்றுக்கொண்டது இந்தக் கட்டத்தில். கோஷத்தின் உயரத்தை எடுத்துக்கொண்டன. கோரிக்கையின் நுணுக்கம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதைக் கற்றுக்கொடுக்க அப்போது மேடையில் ஆளில்லை.

சொற்களிலேயே இதைப் பார்க்கலாம். லயத்தில் யாரும் ரப்பர் என்று சொல்லவில்லை. கித்தா. மலாயின் ‘கெத்தா’. மங்கு, காண்டா, உளி, ஒட்டுப்பால், வெளிக்காட்டு வேலை, இப்படி ஒரு தனி அகராதியே இருந்தது. அந்தக் காலத்துப் பல கதைகளில் இந்தச் சொற்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோலக் கழற்றி வைக்கப்படுகின்றன. மரம் வெட்டுகிறவர் கதைக்குள் வந்ததும் ‘இரப்பர்த் தோட்டத் தொழிலாளி’ ஆகிவிடுகிறார், தன் மனைவியிடமே செந்தமிழில் பேசுகிறார். எழுதியவருக்கு லயத்துப் பேச்சு தெரியாமலில்லை. அவரே பெரும்பாலும் லயத்துக்காரர். ‘ஏய்’ என்று கூப்பிடப்பட்டவருக்கு மரியாதை கொடுக்க அவர் அறிந்த வழி, அவரை மேடைத் தமிழில் பேசவைப்பது. இதை வெறும் செயற்கை என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அந்தக் கதைகளைப் படிக்கும்போது கோபம் வருவதில்லை. நானும் பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தவன்தான். பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது, எங்கே கையை உயர்த்த வேண்டும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும். கீழே உட்கார்ந்து அம்மா அழுதார். அவருக்கும் அர்த்தம் தெரியாது.

மாற்றுக் குரல் அதே நேரத்தில் இருந்தது, அதுவும் ‘தமிழ் நேச’னில். 1950, 51இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதில் கதை வகுப்பு நடத்தினார்கள். சிறுகதை எப்படி எழுதுவது என்று பத்திரிகை வழியே பாடம். 1952இல் கு. அழகிரிசாமி ஆசிரியராக வந்து சேர்ந்தார். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்காரர், கி.ரா.வின் தோழர். ‘ராஜா வந்திருக்கிறார்’ எழுதிய கை. 1957வரை இங்கே இருந்தார், உள்ளூர் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். அவரும் ஒருவகையில் பேச்சின் ஆள்தான். கரிசல் காட்டுத் திண்ணைப் பேச்சு. ஆனால் அந்தப் பேச்சு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காகச் சொல்லப்படுவது. குரலை உயர்த்தினால் கெட்டுவிடும்.

யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. ஒரே வருஷம், 1952. சிங்கப்பூரில் தமிழர் திருநாள் மேடை, கோலாலம்பூரில் அழகிரிசாமி. நம் இலக்கிய வரலாற்றில் இரண்டையும் எதிர்எதிர் முகாம்களாக வைத்துப் பேசுவது வழக்கம்: முரசு அணி, நேசன் அணி. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஜனங்கள் கூட்டமாக நிமிர்வதற்கு ஒன்று தேவைப்பட்டது. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு ஆளைத் தனியாகப் பிரித்து, அவர் பெயர் சொல்லிக் கூப்பிட மற்றொன்று தேவைப்பட்டது. வென்றது மேடை. அழகிரிசாமி ஊர் திரும்பினார்.

கூலியைப் பேசிய அந்தப் பழைய மேடை முழுக்கச் செத்துவிடவில்லை. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டான தோட்டத்தில் தமிழனுக்கு வேலையும் இல்லை, லயமும் இல்லை. அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். சுங்கை சிப்புட்காரர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நினைத்திருந்தால் அடுக்குமொழி பேசியிருக்கலாம். அவர் கொண்டுபோன விஷயம் ஒரு கணக்கு: பங்கு நூறு வெள்ளி, மாசம் பத்துப் பத்தாகக் கட்டலாம், எல்லாரும் சேர்ந்தால் தோட்டத்தை நாமே வாங்கலாம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். நம்மிடம் உள்ள பேச்சுக்கலை வழிகாட்டிகளில் அண்ணா இருக்கிறார், வாரியார் இருக்கிறார். பத்து வெள்ளியைப் பற்றிப் பேசித் தோட்டம் வாங்கியவர் இல்லை. கேட்பவருக்கு என்ன பயம், கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்து பேசிய பேச்சு அது. அந்தப் பேச்சுமுறை எழுத்துக்குள் வந்திருந்தால் நம் நாவல் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கொஞ்சம் தாமதமாக வந்தது. சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவலைத் திறந்தால் கித்தாவும் காண்டாவும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. யாரும் யாருக்கும் உரையாற்றவில்லை. லயத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள், கடன் கேட்கிறார்கள், முணுமுணுக்கிறார்கள். பெரட்டுக் களத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவர்களின் அந்த முணுமுணுப்பு தமிழ் எழுத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்குள் அந்தத் தோட்டங்களே காலியாகி, ஜனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள்.

பெரட்டு இன்னும் இருக்கிறது. பாலோ மாதிரி ஊர்களைச் சுற்றியிருக்கும் செம்பனைத் தோட்டங்களில் விடியற்காலையில் வரிசையில் நிற்பவர்களில் இந்தோனேசியர்கள் உண்டு, வங்காளதேசத்துக்காரர்கள் உண்டு. பெயர் வாசிப்பது உடைந்த மலாயில். வாசிக்கும் கிராணி சில இடங்களில் தமிழர்.